ஐம்பத்திரண்டில் இருபத்தெட்டு போக

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் பிலோமினா டீச்சருக்குப் பேச்சு திரும்பவில்லை. பழகிய வேலையைச் செய்ய வையுங்கள் என்று டாக்டர் சொன்னதால், கணவர் அருமைநாதன் தினமும் காலையில் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு கட்டிலருகே உட்காருவார். அவள் பென்சிலைத் தொடவே மாட்டாள். இடது கை மட்டும் கட்டில் சட்டத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். அன்று பொறுக்க முடியாமல் அவரே நோட்டில் கணக்கைப் போட ஆரம்பித்தார். "எட்டுல ரெண்டு போனா ஆறு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தாறு. சரியா பிலோ?" தட்டல் வேகமானது. "இதுல என்ன தப்பு?" எரிச்சலோடு அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் முப்பத்தாறுதான் வந்தது. அவள் நோட்டை இழுத்து, மேலே இருந்த இரண்டை விரலால் குத்தினாள். வாய் கோணியது, எச்சில் வழிந்தது. "க... கடன்." அவர் கையிலிருந்து பென்சில் விழுந்தது. "என்ன சொன்ன?" "கடன் வாங்கு!" முப்பது வருடம் வகுப்பறையில் ஒலித்த குரல். அவரை அவள் ஒருமையில் அதட்டியது அதுவே முதல் முறை. அருமைநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்ட வாங்கணும் டீச்சர்?" என்று கேட்டார். அவள் பொறுமையில்லாமல் ஐந்தைத் தட்டினாள். "பக்... பக்கத்துல."