நஷ்டத்தில் பங்கு

"எவன் சரக்கோ கடல்ல போனதுக்கு நான் எதுக்குங்க பணம் கட்டோணும்?"

கிட்டுசாமி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. ஷிப்பிங் ஏஜெண்ட் ஜம்புநாதனுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் சரக்கேற்றி நியூஜெர்சிக்கு வந்த சின்னக் கப்பல், நடுக்கடலில் புயலில் மாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கேப்டன் மேல்தளத்தில் ஓரமாக இருந்த ஒரு கன்டெய்னரைக் கடலில் தள்ளச் சொன்னார். கப்பல் நிமிர்ந்துகொண்டது. மற்ற சரக்கெல்லாம் தப்பித்தது. கோயம்புத்தூரிலிருந்து கிட்டுசாமி வரவழைத்த நானூறு வெட் கிரைண்டரும் அதில் அடக்கம்.

இப்படி ஒருத்தன் சரக்கைத் தியாகம் பண்ணி மற்றவன் சரக்கைக் காப்பாற்றினால், தப்பித்தவர்கள் எல்லாரும் அந்த நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாய்மரக் கப்பல் ஓடிய நாளிலிருந்து வரும் வழக்கம். பங்கைக் கட்டாதவன் சரக்கைக் கப்பல்காரன் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கிட்டுசாமியின் பங்கு ஒன்பதாயிரம் டாலர்.

"கப்பல் கூலிய முழுசாக் கட்டிட்டேன். இதுக்கு மேல பத்து பைசா கிடையாது."

"கூலி வேற, இது வேற சார். கட்டலைன்னா கிரைண்டர் வெளியே வராது. நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கிட்டுசாமிக்கு இது கம்ப்யூட்டர் வேலையை விட்டு, வீட்டின் மேல் லோன் வாங்கி இறங்கிய வியாபாரம். தீபாவளிக்கு மூன்று வாரம்தான். ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லாம் தினமும் போன் பண்ணிக் குடைந்தார்கள். சரக்கு வராவிட்டால் வீடு போய்விடும். அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

வீட்டில் மனைவி நாகரத்தினம் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி வைத்தாள். வித்துக் கட்டிவிடலாம், பாவம், சரக்கை இழந்தவருக்கும் குடும்பம் இருக்குமே என்றாள். கிட்டுசாமி முறைத்த முறைப்பில் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஜம்புநாதன்தான் ஒரு வழி சொன்னார். கடலில் போனது ஒரே ஒருத்தர் சரக்கு. கிட்டுசாமியின் பங்கு வேண்டாமென்று அவர் எழுதிக் கொடுத்தால் கப்பல்காரன் விட்டுவிடுவான். ஆனால் எந்த மனுஷன் அப்படி எழுதிக் கொடுப்பான்?

அந்த மனுஷன் ராமசுப்ரமணியன். திருநெல்வேலிக்காரர். ஜெர்சி சிட்டியில் சின்னப் பாத்திரக்கடை. கிட்டுசாமி போனபோது கடையில் வெறும் அலமாரிகள்தான் இருந்தன. நடுவில் ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணி ஒரு வாரம் இருக்கும். இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லையாம். மற்றவர்கள் கட்டும் பங்கும் கணக்கு முடிந்து கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

கிட்டுசாமி வாசலிலேயே அழுதார். நடிப்பில்லை, நிஜமான அழுகை. வீடு போய்விடும் என்றார், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தீபாவளி முடியட்டும் தம்பி. சரக்க வித்த கையோட உங்க ஒம்பதாயிரத்த நானே கொண்டாந்து தர்றேனுங்க. என்ர புள்ளைங்க மேல சத்தியம்."

ராமசுப்ரமணியன் பேனாவை வாங்கி, பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து முங்கி என்ன ஆகப் போகுது அண்ணாச்சி. நீங்களாவது கரையேறுங்க."

கிரைண்டர்கள் வந்தன. தீபாவளிக்கு முந்தின நாளுக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. வீட்டு லோன் தவணை கட்டியது போக, கையில் நல்ல பணம் நின்றது. கொடுத்துவிடலாம் என்றுதான் கிட்டுசாமி நினைத்தார். ஆனால் அடுத்த லோடுக்கு முன்பணம் கேட்டார்கள். சரி, பொங்கலுக்குக் கொடுக்கலாம். பொங்கலுக்குப் புது வேன் வந்தது.

ராமசுப்ரமணியன் இரண்டு தடவை போன் பண்ணினார். இரண்டு தடவையும் நாகரத்தினம்தான் எடுத்து, அவர் இல்லையே என்று பொய் சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை போன் வரவில்லை.

மார்ச்சில் அடுத்த லோடு விஷயமாகக் கிட்டுசாமி ஜம்புநாதனைப் பார்க்கப் போனார். ராமசுப்ரமணியன் கடையை மூடிவிட்டார், மனைவியின் தாலிக்கொடியை விற்று டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார் என்று ஜம்புநாதன் சொன்னார். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

கிட்டுசாமிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணமே, இனி யாரிடம் போய்க் கொடுப்பது என்று தோன்றியதில் மனசு லேசாகவும் ஆனது. இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

"வியாபாரம் தெரியாத ஆளுங்க அவரு. இன்ஷூரன்ஸ் இல்லாம யாராச்சும் சரக்க மேல்தளத்துல ஏத்துவாங்களா? என்ர சரக்கப் பாருங்க, பத்திரமா கீழ்த்தளத்துல வந்துச்சு. இந்த வாட்டியும் அங்கயே எடம் போட்டுருங்க."

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கீழ்த்தளத்துல அதிகக் கூலி கட்டி எடம் வாங்கியிருந்தது அவர்தான் சார். மேல்தளத்து ஓரம் உங்க எடம். லோடு பண்ற அன்னைக்கு, ஓரத்துல கிரைண்டர் ஏறுதுன்னு கேள்விப்பட்டு அவரே தூத்துக்குடிக்குப் போன் போட்டு, 'அவருது மோட்டார் வெச்ச சாமான், உப்புத்தண்ணி பட்டா வீணாப் போயிரும், என்னுது வெறும் பாத்திரந்தானே, மாத்தி வெச்சிருங்க, அவர்ட்ட சொல்ல வேண்டாம்'னாரு."