கேட்ட விதம்

நாற்காலியில் உட்கார்ந்ததுமே பெரியவர் ஞானையாவுக்கு அழுகை வந்துவிட்டது. தலைக்கு மேலே பல்பு கொதித்தது. ஸ்பீக்கரில் ஒரு குரல், "யார்றா எழுதச் சொன்னது?" என்று திரும்பத் திரும்ப அதட்டியது.

நாலாவது நாளாக வருகிறார். சேலையூர் கேம்ப் ரோட்டில் காலியாகக் கிடந்த ஃபர்னிச்சர் ஷோரூமுக்குள் கோகிலவாணி கண்காட்சியாக உருவாக்கி வைத்திருந்த போலீஸ் விசாரணை அறை அது. மற்றவர்கள் அதே நாற்காலியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அது அவளுடைய அப்பாவின் கதை. இருபது வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டுவதைக் கண்டித்து நோட்டீஸ் அடித்தார். பொது அமைதிக்கு ஆபத்து என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் பேனாவைத் தொடவில்லை; காலிங்பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். உள்ளே என்ன நடந்தது என்று சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

யாருக்கும் நடக்கக்கூடியது என்பதால், அப்பாவின் பெயரை அவள் அங்கே எங்கும் எழுதி வைக்கவில்லை.

கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "உங்களையும் கூட்டிட்டுப் போனாங்களா சார்?"

அவர் ஸ்பீக்கரையே பார்த்தார்.

"இவ்ளோ சத்தமா கேக்க மாட்டாங்கம்மா. மெதுவா கேப்பாங்க. வாங்க போங்கன்னு மரியாதையா."

இத்தனை வருஷமும் வெறும் கற்பனைதான். அந்த அறையை நிஜமாகப் பார்த்த ஒருவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"எப்படிக் கேட்டாங்களோ, அதே மாதிரி ஒரு தடவை சொல்றீங்களா சார்? இந்தக் குரலை எடுத்துட்டு அதைப் போட்டுடறேன்."

"வேணாம்மா. உன்னால தாங்க முடியாது."

"எங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம இருக்கறதைத்தான் சார் தாங்க முடியல."

ஞானையா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தார். கூன் விழுந்திருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டாள். "சொல்லுங்க சார்."

அவர் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்பாகவே கேட்டார்:

"தயாளன் சார், நோட்டீஸ் கிடக்கட்டும். உங்க பொண்ணு கோகிலவாணி... அஞ்சாங்கிளாஸ் பி செக்‌ஷன்தானே?"