மலை இருக்கப் பனி எதற்கு?

“மைனஸ் முப்பது! வெளிய நின்னு தும்முனா, தும்மல் கீழ விழறதுக்குள்ள ஐஸ் கட்டி ஆயிடும். அந்த ஊருக்கா போவணும்ன்ற?”

அன்பரசன் கேட்டது மனைவி எழிலரசியை. குரல் போனது பக்கத்து வீட்டு மொட்டை மாடி வரைக்கும். வேங்கிக்காலில் புதிதாக முளைத்த நகர் ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அவர். சமையலறையில் உப்பு கேட்டாலும் மைக் முன்னால் நிற்பதுபோலத்தான் கேட்பார்.

“டயாலிசிஸ் நர்ஸ் வேலைக்கு அங்கதாங்க ஆள் வேணுமாம். ரெண்டு பேருமே வரலாம்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் அனுப்பணும்” என்றாள் எழிலரசி.

கனடாவில் பிராண்டன் என்றொரு சின்ன ஊர். நைட் டியூட்டி முடித்த கண்ணோடு படித்து, ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறி அவள் வாங்கிய வேலை.

“ஊரா அது? பௌர்ணமிக்கு நம்ம கிரிவலப் பாதையில மொத்த ஜனத்தையும் கொண்டாந்து வுட்டா, எங்க நிக்குதுன்னே தெரியாது. ராத்திரில காருக்குக்கூட கரண்ட் குடுத்து சூடு காட்டணும். கறிவேப்பிலை வேணும்னா வின்னிபெக் போவணும், ரெண்டு மணி நேரம்!”

எழிலரசிக்கு வியப்பாக இருந்தது. இத்தனை விவரம் அவளுக்கே தெரியாது. எதிர்ப்பதென்று இறங்கிவிட்டால் மனிதர் என்னமாய் உழைக்கிறார்!

அவருக்குக் குளிர் ஒரு சாக்கு என்பது அவளுக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிளக்ஸ் கடை வைத்திருப்பவர். கைகூப்பிய அவர் படம் இல்லாமல் அந்த நகரில் பொங்கல் வராது, தீபாவளி போகாது. பிராண்டனில் அவர் யார்? எழிலரசி வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

போதாததற்குக் குடியரசு தின விழாவில், “மலை இருக்கப் பனி எதற்கு?” என்று முழங்கி, மறுநாளே அதைப் பத்தடி பிளக்ஸாக அடித்து நகர் வாசலில் கட்டியிருந்தார். மகனைக் கனடாவுக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுக் கோதண்டராமனைக் குத்துவதற்கென்றே கட்டியது. இன்னும் வெளுக்காமல் நிற்கிறது. தொழில் சுத்தம்.

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் கோதண்டராமனின் தலை எழுந்தது. “என்ன தலைவரே, பெட்டி கட்டியாச்சா?”

“பெட்டியா? சாமி உத்தரவு இல்லாம இந்த அன்பரசன் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். நாளைக்கு மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாக்கறோம். ரெண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தா போறோம், சிவப்பு வந்தா பேச்சே கிடையாது. நீங்களே வந்து எடுங்க!”

“நானா?”

“எதிர்க்கட்சி எடுத்தாத்தானே சார் ஜனங்க நம்புவாங்க!”

எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! எழிலரசிக்குத்தான் சுருக்கென்றது. சங்கத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாதபோது, ரகசிய வாக்கெடுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் அல்லவா இவர்.

காலையில் அவரே பூ வாங்கி வந்தார். அவரே பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றினார். “நீ உள்ள வராத. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது” என்றார். பொட்டலங்களை அர்ச்சனைக் கூடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கோயிலில் பூசாரி அம்மன் காலடியில் இரண்டையும் வைத்துச் சூடம் காட்டினார். கோதண்டராமன் கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

நந்தியாவட்டை. பளீரென்ற வெள்ளை.

எழிலரசி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அன்பரசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “தாயே! நீயே சொல்லிட்ட. இனிமே பேசறதுக்கு நான் யாரு?”

‘திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது, பாவம்’ என்று நினைத்துக்கொண்டாள்.

“எதுக்கும் இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துடலாமே?” கோதண்டராமன் கையை நீட்டினார்.

“கூடாது!”

இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐதீகம்” என்றார் அன்பரசன்.

“ஆமாங்க, ஐதீகம்” என்றாள் எழிலரசி.

அன்பரசன் அந்தப் பொட்டலத்தை எடுத்து, வாடிய மாலைகள் கிடந்த கூடையின் அடியில் அமுக்கினார். திரும்பும் வழியில் நகர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துவிட்டார். “நான் எவ்வளவோ மாட்டேன்னு பாத்தேன் சார். அம்மன் வுடலையே! போய்த்தான் ஆவணும்னுட்டா. நாம என்ன செய்யறது?” வாசல் வரை கேட்டது.

எழிலரசி சமையலறைக் கதவைச் சாத்தினாள். துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கையைவிட்டு இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். அவர் கட்டியவை. அவர் குளிக்கப் போன நேரத்தில் இவற்றை எடுத்துக்கொண்டு, அதே செய்தித்தாளில் தான் கட்டியவற்றைக் கூடையில் வைத்தவள் அவள்தான். அவள் கட்டிய இரண்டிலும் வெள்ளைப் பூ. அம்மனுக்குச் செய்த பாவத்துக்கு வெறுங்காலோடு ஒரு கிரிவலம் நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

‘ரெண்டுலயும் சிவப்ப வெச்சுக்கிட்டு என்னா நடிப்பு!’ என்றாவது அவர் பனியில் நின்று பெருமை அளக்கும்போது காட்டவேண்டும் என்று சிரித்தபடி ஒன்றைப் பிரித்தாள்.

வெள்ளை.

சுருக்கென்றது. மனிதர் நேர்மையாகத்தான் கட்டியிருக்கிறார், அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே. அப்படியானால் சிவப்பு இதில் இருக்கும் என்று அடுத்ததைப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

பிராண்டன் விஷயத்தில் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காதவள் மாரியம்மன் ஒருத்திதான்.