ஈரக் களியும் காய்ந்த மணலும்

"மிஷின் பேச மாட்டேங்குதே, சார்வாள். அதுவும் இவ கட்சியா?"

வரப்பில் குடையோடு நின்ற குற்றாலலிங்கம், மருமகள் வேணியைப் பார்த்தபடி கேட்டார்.

இயற்பியல் விரிவுரையாளர் மெர்வின், கல்லூரி ஆய்வகத்தில் தானே செய்த கருவியோடு சேற்றில் நின்றார். உலோகம் தென்பட்டால் அது கூவும். தொண்ணூற்று மூன்றில் அதெல்லாம் பெரிய வேடிக்கை.

நடவுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோன வேணி, முந்தின நாள் இந்த வயலில் வழுக்கி விழுந்தாள். எழுந்தபோது வலதுகைத் தங்க வளையல் இல்லை.

"விழுந்துட்டுன்னு சொல்லுதா. தம்பி கல்யாணத்துக்குக் கழட்டிக் குடுத்திருப்பா. இன்னிக்குக் கிடைக்கலைன்னா நாங்குநேரிக்கு, அவ அப்பன் வீட்டுக்கே பஸ் ஏற வேண்டியதுதான்."

வேணி குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

மாமியார் உலகம்மாளின் கண்ணெல்லாம் கருவி மேல். "இது எப்படித் தம்பி மண்ணுக்குள்ள பாக்குது?"

"மின்காந்த அலையை உள்ள அனுப்புதும்மா. உலோகத்துல பட்டா பதில் வரும்."

"இந்தச் சேத்துல?"

"ஈரக் களி அலையைக் குடிச்சிரும். நாலு விரக்கடை தாண்டுனாலே கஷ்டம்."

"திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல்ல?"

"அந்தச் செவப்பு மணல்ல இரும்புச் சத்து. சும்மாவே கூவும்."

"நம்ம ஆத்து மணல்ல?"

"காஞ்சு கெடந்தா தடையே இல்ல. ஒரு சாண் ஆழத்துலயும் காட்டிரும்."

மெர்வினுக்கு உறுத்தியது. எதில் புதைத்தால் அகப்படாது என்றல்லவா விசாரிக்கிறார்? எடுத்ததே இந்த அம்மாள்தானோ?

மோர் எடுத்து வர பம்புசெட்டுக்குப் போன உலகம்மாள் திரும்ப நேரமாயிற்று. மெர்வினின் சந்தேகம் வலுத்தது.

செம்பை நீட்டியபடி உலகம்மாள் சொன்னாள்: "விழுந்தவ பம்புசெட்டுலதான் சேறு கழுவுனா. அங்கன சுவர் கட்ட மணல் கொட்டியிருக்கு. அதையும் பாத்துருங்க."

மணல் குவியலின் ஓரத்திலேயே கருவி கூவியது. கையால் தள்ளியதும் வளையல்.

குற்றாலலிங்கம் வாங்கித் துடைத்துப் பார்த்தார். "நம்மளதுதான். சரி, சார்வாளுக்கு இலை போடுங்க." வளையலை மருமகளிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

வேணி அதைத் திருப்பிப் பார்த்தாள். "அத்தே, இது என்னது இல்லையே."

"பைய பேசு. பேசாம போட்டுக்க." உலகம்மாள் தன் வெறுங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "உன்னதும் என்னதும் ஒரே ஆசாரி ஒரே மாதிரி செஞ்சதுதான். உங்க மாமா என்னிக்கு என் கையைப் பாத்தாரு?"