இருபத்தேழாம் நம்பர்

"அக்கா, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. நீ எப்படித்தான் தலையாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

தண்ணீர் எடுக்க வந்தவளைச் சமையலறையில் மடக்கிக் கேட்டான் தம்பி. கூடத்தில் அத்தான் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானேடா வாசிக்கிறார்?"

"வாசிப்பைச் சொல்லலை, டோனைச் சொல்றேன். தகரத்தை ஆணியால கீறுற மாதிரி இருக்கு. ஹெட்போனாவது மாட்டிக்கச் சொல்லு."

"மாட்டிக்கிட்டா எனக்குக் கேக்காதே," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போய் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புருஷனுக்கு ஜால்ரா போடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று தோன்றியது அவனுக்கு.

அவன் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவன். அந்தத் தொழிலுக்கு வந்ததே இந்த வீட்டில் கேட்ட ஒரு சத்தத்தால்தான். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து சின்னதாக ஒரு மெட்டு வாசிப்பார். ஒவ்வொரு சுரமும் ஈரத்தோடு வந்து விழும். கொஞ்சம் தயங்கும். அப்புறம்தான் கரையும்.

பதினைந்து வருஷமாக எத்தனையோ கருவிகளைத் திருகிப் பார்த்துவிட்டான். அது எங்கேயும் கிடைக்கவில்லை. மூன்று நாள் லீவு போட்டு வந்ததே, இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான்.

கிடைத்ததோ இந்தக் கிறீச்சல்.

அத்தானின் காலடியில் கிடாரின் ஒலியை விதவிதமாக மாற்றித் தரும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். நூறு டோன்களைச் சேமித்து வைக்கலாம். அத்தான் மிதிப்பதெல்லாம் இருபத்தேழாம் நம்பரைத்தான்.

"இதைப் பிடிக்க எட்டு மாசம் ஆச்சு, மச்சான்," என்றார் பெருமையாக. "ஸ்பீக்கர் பழசு. சத்தம் மங்கிக்கிட்டே போச்சு. நானும் விடாம ஏத்தி ஏத்தி, இப்பதான் பழையபடி கேக்குது."

"ம்," என்றான். அக்கா அவனைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

மறுநாள் அத்தான் தகடு அடிக்கும் பட்டறைக்கும், அக்கா பள்ளிக்கூட அலுவலகத்துக்கும் கிளம்பியதும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இருபத்தேழைத் திறந்தான். கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் பத்துக்குப் பத்து. அதை இன்னும் கூர்மையாக்கும் பிரசன்ஸ் பத்துக்குப் பத்து. எல்லாம் உச்சாணிக் கொம்பில்.

ஒவ்வொன்றாக இறக்கினான். எதிரொலியைக் கொஞ்சம் தாமதமாக்கினான். கம்பியைத் தொட்டுக் கேட்டான். இல்லை. மறுபடியும் திருகினான். சாப்பிட மறந்துபோனான்.

நாலு மணிக்கு அது வந்தது. அதே ஈரம், அதே தயக்கம்.

கொஞ்ச நேரம் கை வைக்கவே பயமாக இருந்தது. எங்கே மறுபடியும் தொலைந்துவிடுமோ என்று அவசரமாகச் சேமிக்கும் பட்டனை அழுத்தினான். இருபத்தேழிலேயே, பழையதை அழித்து.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். பையைக்கூட இறக்கி வைக்க விடவில்லை.

"அத்தான், ஒரே ஒரு தடவை அந்த மெட்டை வாசிங்க."

"என்ன மச்சான், திடீர்னு பாசம் பொங்குது?" என்று சிரித்துக்கொண்டே கிடாரை மாட்டினார்.

முதல் வரியிலேயே பதினைந்து வருஷத்துக் காத்திருப்பு கூடம் முழுக்க நிறைந்தது. திரும்பிப் பார்த்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

அத்தான் பாதியில் நிறுத்தினார்.

"என்னப்பா, மெல்லிசுக் கம்பி ரெண்டும் ஊமையா இருக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்தான். அவரோ குனிந்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்து, அதே கம்பியை மறுபடியும் தட்டினார். தெளிவாக ஒலித்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"போச்சு. ஸ்பீக்கர் முழுசாவே போச்சு போல."

"வயர் லூசா இருக்கும்," என்றாள் அக்கா. "நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. தம்பி பார்ப்பான்."

அவர் உள்ளே போனதும் கிட்டே வந்தாள்.

"பட்டறை மெஷின் அவர் காதைத் தின்னுடுச்சுடா. கீச்சுன்னு இருந்தாத்தான் அவருக்கு எட்டுது. லேசா மந்தம்னு மட்டும் நினைச்சுக்கிட்டு, மிச்சப் பழியை ஸ்பீக்கர் மேல போட்டுட்டார்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா? நம்மளால அடுத்தவங்களுக்கு வலிக்குதேன்னு அன்னைக்கே கிடாரைப் பரண்ல ஏத்திடுவார். உனக்குத் தெரியாதா அவரை?"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவன் பெடலைப் பார்த்தான்.

"சரி, இந்த டோனை வேற நம்பர்லயாவது வைக்கிறேன்க்கா. உனக்காக."

"வச்சு? யார் வாசிப்பா?"

அவன் குனிந்து ட்ரெபிளைப் பத்துக்கு ஏற்றினான். பிரசன்ஸைப் பத்துக்கு ஏற்றினான். எதிரொலியைப் பழைய இடத்துக்கே தள்ளினான். சேமிக்கும் பட்டனை அழுத்த மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் சுரத்துக்கே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இதோ வந்துடுச்சு. மச்சான், நீ தொழில் தெரிஞ்சவன். வீட்டு மனுஷன்னு பார்க்காம உண்மையைச் சொல்லு. எப்படி இருக்கு?"

"அன்னைக்கு மாடிப்படியில வாசிச்சீங்களே, அத்தான்... அப்படியே இருக்கு."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு மெட்டைத் தொடர்ந்தார். அக்கா தலைமுடியைக் காது மறைய இழுத்துவிட்டபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம்பியின் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினாள்.

இரண்டு பஞ்சு உருண்டைகள்.