யெர்னெய் கேட்ட கிளட்ச்

"நான் மிதிச்சா வண்டி ஓடணும் மாஸ்டர். அவன் மிதிச்சா ஓடக் கூடாது. அப்படி ஒரு கிளட்ச் வேணும்."

யெர்னெய் இதைச் சொன்னபோது அவருடைய டிராக்டர் இரண்டு துண்டாகக் கிடந்தது. இன்ஜினோடு முன்பாதி மரக்கட்டைகள் மேல். பின்பாதி ஒரு முழம் தள்ளி. நடுவில் லிப்னிக் மாஸ்டர், கையில் கிளட்ச் தகட்டோடு.

ஐம்பது வருஷத்து டிராக்டருக்குக் கிளட்ச் பார்க்க, கணவாய்க்கு அந்தப்பக்கம் 'லிப்னிக்' என்ற வீட்டுப் பேர்க்காரரை விட்டால் ஆளில்லை என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"முதல்ல இதைப் பாருங்க," என்று தகட்டை நீட்டினார் மாஸ்டர். "கருகி, ரிவெட் வரைக்கும் தேஞ்சிருக்கு. ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலயே வச்சிருப்பீங்களா?"

"சும்மா வச்சிருப்பேன். அழுத்த மாட்டேன்."

"வச்சாலே தேயும். வேலை இல்லாத இடத்துல கால் எதுக்கு? சரி, யாரு அந்த 'அவன்'?"

யெர்னெய் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். கோழிகள்தான் இருந்தன.

"சனிக்கிழமை எங்க ஊர்ல ஸ்லாவ்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளியூர். ரோட்டுல மறிக்கணும்ல?"

வெளியூர் மாப்பிள்ளையை ஊர் எல்லையில் மறித்து, ஏதாவது ஒரு வேலை செய்துகாட்டச் சொல்லி, அதன்பிறகே பெண்ணிடம் விடுவார்கள். மறிப்பது ஊரின் கல்யாணமாகாத ஆண்கள். அவர்களுக்குத் தலைவர் யெர்னெய். வயது ஐம்பத்தாறு. அந்தப் பதவிக்கு வேண்டிய ஒரே தகுதியில் முப்பது வருஷமாக அவரை மிஞ்ச ஊரில் ஆள் பிறக்கவில்லை.

"வழக்கமா விறகு அறுக்கச் சொல்வீங்களே?"

"அதை எவனும் அறுத்துடுவான். இந்தத் தடவை டிராக்டர். ஊர் பார்க்க நான் ஓட்டிட்டு வந்து ரோட்டுக்குக் குறுக்க நிறுத்துவேன். அவன் நகர்த்தணும். முடியலேன்னா கழுத்துல மாட்டுமணியைக் கட்டிக்கிட்டு, ஸ்லாவ்கா வீடு வரைக்கும் நடக்கணும்."

"மாப்பிள்ளை மேல அப்படி என்ன கோபம்?"

"நாலு வருஷம் மாஸ்டர்! நாலு வருஷம் அவ வயலை உழுது கொடுத்தேன். போன வருஷம் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டுட்டேன். ஒரு தட்டுல வால்நட் ரொட்டியை வச்சு, 'அதெல்லாம் வேண்டாம் யெர்னெய்'ன்னுட்டா."

"ரொட்டி?"

"அது நல்லாத்தான் இருந்துது."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே புதுத் தகட்டை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"சர்ச் கதவுல கல்யாண அறிவிப்புல மாப்பிள்ளை பேர் ஒட்டியிருக்கு. அவ்குஸ்டின் ரேம்ஸ். எந்த வீட்டுக்காரன்னு போடல. இங்க எல்லாரையும் வீட்டுப் பேராலதான் தெரியும்; அது தெரியாம யாரைன்னு விசாரிக்கிறது? அவளும் வாயைத் திறக்கல. உங்களுக்குத் தெரியுமா அவனை?"

"தெரியும். சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. சாதாரண ஆளு."

யெர்னெய்க்கு அது தேனாக இருந்தது.

மறுநாள் டிராக்டர் ஒன்றாகிவிட்டது. கிளட்ச் பெடல் வெண்ணெயில் மிதித்த மாதிரி இறங்கியது. மாஸ்டர் பெடலுக்குக் கீழே குனிந்து ஒரு நட்டைக் காட்டினார்.

"இதைக் கையாலயே திருகுற மாதிரி விட்டிருக்கேன். ஓட்டிட்டுப் போய் நிறுத்தினதும் ஆறு சுத்து தளர்த்திடுங்க. பெடல் அடி வரைக்கும் போகும், ஆனா தகடு விலகாது. எந்த கியரைப் போட்டாலும் பல்லைக் கடிக்கும்."

"சரி பண்ணிட்டான்னா?"

"தெரிஞ்சவனுக்கு ரெண்டு நிமிஷம். தெரியாதவன் பொழுதுக்கும் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"விஷயம் அவன் காதுக்குப் போயிடக் கூடாது மாஸ்டர். நீங்களே அவன் ஆளுங்களோட வந்து நின்னுடப் போறீங்க!"

"யாரோட கூட்டத்துலயும் ஒட்டிக்கிட்டு வர்ற ஆளில்ல நான். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், போங்க."

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, கல்யாணக் காரியத்துக்குக் காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று கணவாய் ஏறும் வரை யெர்னெய் வியந்துகொண்டே வந்தார். இடது கால் அது பாட்டுக்குப் பெடல் மேலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை ஊரே ரோட்டில் நின்றது. யெர்னெய் டிராக்டரை ராஜா மாதிரி ஓட்டிவந்து குறுக்கே நிறுத்தினார். இறங்கி, ஷூ லேஸ் கட்டுகிறவர் போலக் குனிந்து ஆறு சுத்து. எதற்கும் இருக்கட்டும் என்று ஏழாவதும். மாட்டுமணியை ஸ்டியரிங்கில் தொங்கவிட்டார்.

மறியலுக்கு ஊர்ப்பக்கம், தலையில் வெள்ளைப் பூவோடு நின்ற ஸ்லாவ்கா கேட்டாள்: "கிளட்ச் சரியாயிடுச்சா யெர்னெய்?"

"புதுசு மாதிரி! கைராசிக்காரர் ஒருத்தர் பார்த்தாரு."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். மனசு மாறுகிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது யெர்னெய்க்கு.

வளைவில் ஹாரன் சத்தம். பூச்சுற்றிய கார் வந்து நின்றது. அக்கார்டியன் ஓய்ந்தது.

"எங்கப்பா அந்த ரேம்ஸ்?" யெர்னெய் நெஞ்சை நிமிர்த்திக் கத்தினார். "பொண்ணு வேணும்னா இறங்கி வந்து இந்த வண்டியை நகர்த்தச் சொல்லுங்க!"

கார்க் கதவு திறந்தது; கறுப்புக் கோட்டும் மார்பில் மாப்பிள்ளைக்குக் குத்தும் ரோஸ்மேரிக் கொத்துமாக, கையில் ஒரு ஸ்பேனரோடு லிப்னிக் மாஸ்டர் இறங்கினார்.