திங்களுக்குள் ஒரு ஊஞ்சல்

ஹாலோவீன் அன்று மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் பயந்து வாசல் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் கடைக்கார ராய் ஹாஃப்மன். அவர் தன் காலி மனையை ஊஞ்சல், சறுக்குமரத்தோடு நகராட்சிக்குப் பூங்காவாக எழுதிக்கொடுத்தால், எங்கள் ஒஹையோ ஊரில் யாருக்குத் தூக்கம் வரும்?

"என்ன ராய், திடீர்னு மனசு இளகிடுச்சு? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் லொரெய்ன்.

"குழந்தைங்க விளையாடட்டுமேன்னுதான். ஆனா திங்கட்கிழமைக்குள்ள திறந்தாகணும்."

"அப்படி என்ன அவசரம்? குழந்தைங்க எங்கேயும் ஓடிடப் போறதில்லையே!"

"அதுக்குள்ள திறக்கலேன்னா, கொடுத்ததே வீண்."

பாவம், டாக்டர் நாள் குறித்துவிட்டார் போலிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள் லொரெய்ன். இரக்கப்பட்ட மேயர் ஞாயிற்றுக்கிழமையே வந்து ரிப்பன் வெட்டினார். லொரெய்ன் ஆப்பிள் கேக்கோடு வந்து ராயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்களன்று நகராட்சிக் கூட்டம். பூங்காவுக்கு எதிரே இ-சிகரெட் கடை வைக்க ஒருவன் உரிமம் கேட்டிருந்தான்.

"குழந்தைகள் பூங்காவிலேர்ந்து ஐந்நூறு அடிக்குள்ள புதுக் கடைக்கு உரிமம் கிடையாதுப்பா" என்றார் மேயர்.

"போன வாரம் அங்கே பூங்காவே இல்லையே!"

"இப்ப இருக்கே."

கூட்டத்தில் ராயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லொரெய்ன் பூரித்துப் போனாள். "சாகப் போற நேரத்திலயும் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டீங்களே, ராய்!"

"யாரு சாகப் போறா? வழி விடு, கடை திறக்கணும்."

ஊரின் மறுகோடிக்குப் போய் ராய் தன் கடையைத் திறந்தார். ஊரில் இ-சிகரெட் விற்கும் ஒரே கடை அதுதான்.